கொட்டுங்கம்மா காலேஜ் பார்த்த கதை

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் கவிழ்க்காமல் விலைபோன பெட்டி என்று ஒன்று இருந்தால், அது கொட்டுங்கம்மா லீவு போட்ட அன்றைக்கு வந்த பெட்டியாகத்தான் இருக்கும். அப்பா அம்மா வைத்த பேர் அவளுக்கு ஒன்று உண்டு. அந்தப் பேரைச் சொல்லி மண்டியில் விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது.

சாஸ் கம்பெனிக்குத் தக்காளி வாங்கிப் போடுகிற வேலை அவளுக்கு. விடிந்ததும் ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நீலத் தார்ப்பாயை எடுத்து உதறி விரிப்பாள். பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பாள். பழத்தைத் தொடக்கூட மாட்டாள். ஒரே ஒரு சொல்தான். "கொட்டுங்க."

மேலே இருப்பதைப் பார்த்து விலை சொல்லுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. தக்காளி விளைவிக்கிற நாங்களோ மேலே பார்ப்பார்கள் என்றுதான் அடுக்கிக்கொண்டு வருவோம். நல்ல சிவப்பான பழமெல்லாம் மேலே. அடிபட்டது, வெடித்தது, அரைக்காய் எல்லாம் அடியில். இதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள், பெண் பார்க்க வருகிற அன்றைக்குத் தங்கள் மகளை அழுக்குப் புடவையோடு நிறுத்தினார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். என் கொல்லைக் காட்டில் விளைந்ததை நான் எப்படி அடுக்கினால் யாருக்கு என்ன.

முதல் நாள் என் பெட்டிக்கு முன்னால் வந்து, "கொட்டுங்க ஆயா" என்றாள்.

"அடுக்கின கைக்குத்தான் வலி தெரியும் கண்ணு. மேல பாரு, போதும்."

"மேல இருக்கறது நீங்க பேசறதுங்க. அடியில இருக்கறது பழம் பேசறது. நான் பழத்துகிட்ட பேசிக்கிறேன்."

கொட்டினேன். அன்றைக்கு எனக்கு விலை கிடைத்தது, மரியாதை போயிற்று. கொஞ்ச நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். நான் பேசாததால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று தெரிந்ததும், நானே போய்ப் பேசினேன்.

எதிலும் அவள் அப்படித்தான். டீக்கடையில் வடை எடுத்தால் தட்டின் அடியிலிருந்து உருவுவாள். ஓட்டலுக்குள் நுழையும் முன், சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவன் முகத்தைப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் பேசவே இல்லையாம். அந்த வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பா ஒருவரைத் தேடிப் போய், மாப்பிள்ளையைப் பற்றி அவரிடம் விசாரித்தாளாம். அவர் வாய்க்கு வந்தபடி திட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா குத்தம்? அப்ப சரி" என்று கழுத்தை நீட்டியவள். அந்தக் குடும்பம் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவளுக்கு, மகள் காலேஜ் போகிற வயதில், என்றோ முடித்த எம்.பி.ஏ.வுக்கு மேல் தானும் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. காரணம் கம்பெனியில் நடந்த ஒரு கூட்டம். கொல்லையிலிருந்து மண்டிக்கு வருவதற்குள் பழம் வெயிலில் வெந்துபோகிறது, கொல்லைப் பக்கத்திலேயே நிழல் கொட்டகை போட்டு வாங்கினால் எல்லாருக்கும் மிச்சம் என்று அவள் ரொம்ப காலமாகச் சொல்லிவந்தாள். அன்றைக்கும் சொன்னாள். முதலாளியின் மருமகன் வெளிநாட்டில் படித்தவர். "மேடம், இதெல்லாம் ரிசர்ச் பண்ணினவங்க சொல்ல வேண்டிய விஷயம்" என்று சிரித்தாராம். கூட்டமே சேர்ந்து சிரித்ததாம்.

மறுநாள் மண்டியில் சொன்னாள்: "வியாபாரத்துல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போறேன் ஆயா. வேலை பாத்துக்கிட்டே, வூட்ல இருந்தே படிக்கலாமாம்."

மண்டிக்காரர் ஏலத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். "இந்த வயசுல என்னத்துக்கும்மா அது?"

"ரிசர்ச் பண்ணினவங்கதான் பேசணுமாங்க. பண்ணிட்டுப் போய், அதே ரூம்ல, அதே எடத்துல நின்னு, அதையேதான் சொல்லப் போறேன்."

எந்தக் காலேஜ் என்று பார்க்கச் செல்போனில் ஏதோ தட்டிவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரிலுள்ள காலேஜெல்லாம் அவளைக் கூப்பிட்டன. கையெல்லாம் தக்காளிச் சாறு என்பதால் போனைப் பெட்டி மேல் வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவாள். மண்டியே கேட்கும்.

"மேம், எங்க புரோக்ராம்ல நீங்க காலேஜுக்கு வரவே வேண்டாம். பட்டமளிப்பு விழா மட்டும் வெளிநாட்ல, கவுன் போட்டு ஃபோட்டோ எடுத்துக்கலாம்" என்றது ஒரு பெண் குரல்.

"சரிம்மா. உங்ககிட்ட சேந்துட்டுப் பாதியில விட்டுட்டுப் போனவங்க ஒருத்தர்கிட்ட நான் பேசணும்."

"டாப்பர்கிட்ட பேச வைக்கிறேன் மேம்."

"டாப்பர் மேல வைக்கிற பழம்மா. எனக்கு அடியில இருக்கறது வேணும்."

"மேம்?"

"கொட்டும்மா" என்றாள் இவள். பின்னாலிருந்த மூட்டைக்காரர்கள் ஒரே குரலில், "கொட்டும்மா" என்றார்கள். லைன் கட்டாகிவிட்டது.

இது தினசரி நடந்தது. இன்னொரு காலேஜ்காரன், எங்களிடம் சேர்ந்தவர்களில் பாதியில் போனவர் யாருமே இல்லை என்று சத்தியம் செய்தான். போனை வைத்துவிட்டு, "அழுகவே அழுகாத பழம் ஒண்ணுதான் ஆயா. பிளாஸ்டிக் பழம்" என்றாள். மண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நீ காலேஜ்ல சேர்றதுக்குள்ள எம் பழமெல்லாம் அழுகிடும் தாயி."

விஷயம் கம்பெனிக்குப் போய், மருமகன் காரிலேயே மண்டிக்கு வந்துவிட்டார். சேற்றில் செருப்பு படாமல் நின்றுகொண்டு பேசினார். "மேடம், எதுக்கு அலையறீங்க? என் ஃப்ரெண்டு ஒருத்தர் நடத்துறார். ஒரே வருஷம். ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் அவங்களே எழுதிக் குடுத்துடுவாங்க. செலவு கம்பெனியோடது. வந்ததும் உங்களை ஓசூர் ஆபீஸுக்கு ஹெட் ஆக்கிடலாம்."

"எழுதறதும் அவங்க, நல்லாருக்குன்னு பட்டம் குடுக்கறதும் அவங்களாங்க?"

"ஆமா. ரிஸ்க்கே இல்ல."

"எம் பழத்த நானே ஏலம் விட்டு, நானே எடுத்து, நானே வூட்டுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரிங்க சார். தூக்கற கூலிதான் மிச்சம்."

அவர் முகம் அரைக்காய் மாதிரி ஆகிவிட்டது. "அப்ப வேற எதுல சேந்தாலும் லீவு, சலுகைன்னு வராதீங்க. இந்த வேலையும் இப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. "ஏன் கண்ணு, வர்ற பட்டத்த வாங்கிக்கிட்டாதான் என்ன? நாலு பேர் பாக்கறதுக்கு மேல வச்சுக்க ஒண்ணு வேணாமா?" என்றேன்.

தார்ப்பாயை மடித்துக்கொண்டே சொன்னாள். "மொத மொத உங்க பெட்டியக் கொட்டச் சொன்னேனே, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அம்மணமா நின்ன மாதிரி இருந்துச்சு."

"விலை குடுத்தேனா இல்லையா?"

"குடுத்த."

"அப்படி ஒருத்தர் என்னையும் கொட்டிப் பாக்கணும் ஆயா. பாத்துட்டு வெல சொல்லணும்."

கடைசியில் தூரத்து ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று மாட்டியது. வேலையோடு படிக்கலாம், ஆனால் பல வருடம் ஆகும். பேராசிரியர் ஒருவர் போனில் முகம் பார்த்துக் கேள்வி கேட்பார் என்றார்கள். மண்டியில் எடைத்தராசுப் பக்கம்தான் சிக்னல் நன்றாக வரும். கையைக் கழுவி, முந்தானையை இழுத்துச் சொருகி, தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா பின்னாடி இவ்வளவு சத்தம்?" என்றார் பேராசிரியர்.

"நான் ஆராய்ச்சி பண்ணப் போற எடந்தாங்க சார்."

அந்த மனுஷன் இரக்கமே இல்லாமல் கேட்டார். நீ சொல்வது புதிதில்லை, இதை முன்பே பலபேர் எழுதியிருக்கிறார்கள், அதையெல்லாம் படித்தாயா, படிக்காமல் எப்படிப் பேசுகிறாய், சேர்ந்தால் முதல் வருடம் வெறும் படிப்புதான் என்று விளாசினார். நான் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தேன். விளைந்த பழம் மாதிரிச் சிவந்து, பளபளவென்று இருந்தது. சந்தோஷம்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார் கடைசியில்.

"உங்ககிட்ட பாதியில விட்டுட்டுப் போனவங்ககிட்ட நான் பேசணும்ங்க சார்."

அந்தப் பக்கம் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தப் பக்கம் ஏலமும் நின்றுவிட்டது. கெடுத்துக்கொண்டாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. போய்ப் போனுக்குள் முகத்தை நீட்டினேன். "குடுத்துடுங்க சாமி. இந்தப் பொண்ணு கொட்டாம எதையும் வாங்காது. நாங்க எல்லாம் பட்டவங்க."

பேராசிரியர் சிரித்துவிட்டார். அப்படி விட்டுப்போன ஓர் அம்மாளிடம் கேட்டுக்கொண்டு நம்பர் அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பியும் விட்டார்.

படிப்பை விட்ட அந்த அம்மாள், ஸ்பீக்கரில் மண்டி கேட்க, பேராசிரியரைத் திட்டித் தீர்த்தாள். "ரொம்பக் கறாருங்க அவரு. எழுதினதையெல்லாம் திரும்பத் திரும்பக் கிறுக்கி அனுப்புவாரு. அழுதுட்டு வந்துட்டேன்." திட்டி முடித்ததும் சொன்னாள். "ஆனா ஒண்ணு. அவர் கிறுக்கினது எல்லாமே சரிதாங்க. மறுபடி சேர்ந்துக்கறேன்னு கேக்க வெக்கமா இருக்கு."

போனை வைத்துவிட்டு இவள் என்னைப் பார்த்தாள். "இதுதான் ஆயா" என்றாள். அன்றைக்கே பணம் கட்டிச் சேர்ந்தாள்.

மருமகனும் சொன்னபடி செய்தார். உட்கார்ந்து படிக்கத்தானே ஆசை, உட்கார்ந்தே இருங்கள் என்று ஓசூர் ஆபீஸில் ஒரு மூலை நாற்காலியைக் கொடுத்து மாற்றிவிட்டார்கள். போகிற அன்று அவள் கண் கலங்கவில்லை. "நாற்காலியில உக்காந்தா கால் வலி மிச்சம். ராத்திரி படிக்கத் தெம்பு இருக்கும்" என்றாள். தார்ப்பாயை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அங்கிருந்து அடிக்கடி கூப்பிடுகிறாள். "இன்னைக்கி அடியில எவ்வளவு அழுகல் ஆயா? உள்ளதச் சொல்லுங்க, கட்டுரையில போடணும்." பக்கத்துக் கொல்லைக்காரன் பெட்டியைக் கொட்டிப் பார்த்து உள்ளதைச் சொல்கிறேன். கிறுக்கல் ஏராளமாக வருகிறதாம். குறைந்துகொண்டும் வருகிறதாம்.

அவள் இடத்துக்கு வந்திருக்கிற ஆள் நல்லவர். தார்ப்பாய் கிடையாது; மேலே பார்ப்பார், விலையைச் சொல்வார், போய்விடுவார். எப்படி அடுக்கினாலும் கேட்க ஆளில்லை.

இருந்தாலும், இப்போதெல்லாம் நல்ல பழத்தை நான் அடியில்தான் போடுகிறேன். என்றைக்காவது அந்த ஸ்கூட்டி வந்து நிற்குமே.