பிரிண்டருக்கு மதிய ஓய்வு

மனைவியை மதியத்தில் ஒரு மணி நேரமாவது படுக்க வைத்தே தீருவது என்று அவர் முடிவெடுத்தார். இதே முடிவை முன்பும் பலமுறை எடுத்துத் தோற்றவர்தான். இந்த முறை அவரிடம் ஓர் எண் இருந்தது.

வீட்டு முன்னறையில் அவள் பார்சல் புக்கிங் நடத்தினாள். காலையிலிருந்து இருட்டும்வரை முதுகு சாய இடமில்லாத முக்காலி. பின்னறையில் அவர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர். அவள் ரசீது போடும் புரோகிராமும் அவர் எழுதியதுதான். அனுப்புகிறவருக்கு, டிரைவருக்கு, தனக்கு என்று கார்பன் வைத்து மூன்று பிரதி வேண்டும் என்பதால், ஊசியால் குத்தி அச்சடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையே அவள் வைத்திருந்தாள். அது போடும் சத்தத்தில் வீட்டில் நிம்மதியாகச் சண்டைகூடப் போட முடியாது.

அவள் முதுகுவலிக்கு டாக்டர் மாத்திரை எழுதவில்லை. மதியம் படுங்கள் என்றார். தான் படுத்தால் பார்சல்கள் தாமே நடந்து போய்ச் சேருமா என்று அவள் கேட்டாள். அவர் கெஞ்சினார், கோபித்தார், ஒருநாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு அவள் முக்காலிக்குப் போய்விட்டாள்.

பிரிண்டர் அப்படியல்ல, சொன்னால் கேட்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண். ஒன்றை அனுப்பினால் எழுத்து ஒடுங்கும், இன்னொன்றுக்கு மணியடிக்கும். பத்தொன்பதை அனுப்பினால் காதைப் பொத்திக்கொள்ளும். பதினேழு வரும்வரை யார் என்ன சொன்னாலும் அசையாது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இப்படியொரு வசதி அவருக்கு வேறெங்கும் வாய்த்ததில்லை. புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தார். மதியம் இரண்டு அடித்தால் பத்தொன்பது. மூன்று அடித்தால் பதினேழு.

மறுநாள் இரண்டு மணிக்குப் பிரிண்டர் நின்றது. அவர் ஓடிவந்து குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"தலை சூடாயிருக்கு. ஒரு மணி நேரம் விட்டாத்தான் ஆறும். நீயும் கொஞ்சம் படேன்."

நம்பிக்கை வரட்டும் என்று பக்கத்து வீட்டில் மேஜை விசிறி இரவல் கேட்கப் போனார். விசிறியோடு திரும்பியபோது அவள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

யாராவது வந்தால் ரசீதைக் கையால் எழுதச் சொல்லி உள்ளிருந்து குரல் வந்தது.

ஊரே இரண்டு மணிக்குத்தான் பார்சலோடு கிளம்பும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அழுத்தி எழுதினால் முதல் பிரதி கிழிந்தது. மெதுவாக எழுதினால் மூன்றாவது வெள்ளையாகவே இருந்தது. டிரைவர் ரசீதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்படியும் தேறவில்லை என்றார். தையல்காரருக்குப் போகவேண்டிய பொத்தான் பெட்டி பல் டாக்டருக்குப் போனது.

சில வாரங்களில் அவள் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க ஆரம்பித்தாள். அவருக்குக் கட்டைவிரல் வீங்கியிருந்தது. முதுகு தேறிவிட்டது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டார்.

மறுநாள் இரண்டு மணிக்குப் பிரிண்டர் நின்றது.

புரோகிராமைத் திறந்து பார்த்தார். வரிகள் இல்லை. பதினேழை அனுப்பினார். மறுபடி அனுப்பினார். பூட்டிய வீட்டைத் தட்டுவதுபோல் இருந்தது.

"கம்ப்யூட்டரை ஏன் முறைக்கிறீங்க? பிரிண்டர்ல பச்சை லைட் எரியுதா பாருங்க" என்றாள் உள்ளிருந்து.

"எரியலையே."

"எப்படி எரியும்? இன்னிக்கு அது தானா நிக்கலை. நான்தான் பொத்தானை அமுக்கி நிறுத்திட்டு வந்து படுத்தேன்."

அவர் கட்டிலருகே போய் நின்றார்.

"முதல் நாளே தெரியுமா?"

"நீங்க விசிறி கேக்கப் போனப்பவே அணைச்சுப் போட்டுப் பார்த்துட்டேன். ஜோரா ஓடுச்சு."

"பின்ன ஏன் படுத்தே?"

"நான் படுக்கணும்னு ஒரு மனுஷன் பிரிண்டருக்கு விசிறி கேட்டுப் போறாரு. படுக்காம என்ன பண்ண?"

வாசலில் யாரோ பார்சலை இறக்கும் சத்தம் கேட்டது. அவர் முன்னறைக்குப் போய்ப் பொத்தானுக்குக் கை நீட்டினார்.

"அமுக்காதீங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "தலை சூடாயிருக்கு."

அவர் கார்பன் தாளைத் தேடி எடுத்தார்.