வஞ்சிர வறுவலும் வெள்ளைத் தலைக் கழுகும்

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கோ யாரும் கேட்காத உண்மையெல்லாம் வாயிலிருந்து கொட்டும். இந்த வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை நியூஜெர்சியில், ஓர் ஆற்றங்கரையில், ஒரு கழுகின் தயவில் தெரிந்துகொண்டேன்.

2005 குளிர்காலம். கல்யாணமாகி ராமநாதபுரத்திலிருந்து வந்த எனக்கு அதுதான் முதல் பனி. என் கணவர் கபீரின் மேனேஜர் லிண்டா பறவைப் பித்துப் பிடித்தவர். சனிக்கிழமை கழுகு பார்க்க வாருங்கள் என்று எங்களை அழைத்திருந்தார். மச்சானின் கிரீன் கார்டுக்குக் கம்பெனியில் சிபாரிசு செய்ய வேண்டியவரும் அவர்தான். ஆகவே அது பிக்னிக் இல்லை, எனக்கு வைத்த இன்டர்வியூ. (மச்சான் என்றால் புருஷன்தான். எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

வழியெல்லாம் காரில் மச்சானின் வகுப்பு நடந்தது.

"நஸீமா, அங்க தடுப்புக்குக் கட்டியிருக்கிற கயித்தைத் தாண்டக் கூடாது. கூடு பக்கம் போகவே கூடாது. சத்தம் கூடவே கூடாது. நீ குசுகுசுன்னு பேசினாலே மைக் வச்ச மாதிரி இருக்கும். அதனால பேசவே பேசாத."

"தும்மல் வந்தா?"

"முழுங்கிடு."

சாப்பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே கிளம்பினால் சோறு கட்டாமல் போகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் பையில் எலுமிச்சைச் சோறும், மிளகாய் தூக்கலாகப் போட்ட வஞ்சிர மீன் வறுவலும் பத்திரமாக இருந்தன.

ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் டெலஸ்கோப்புகளை நட்டு வைத்துக்கொண்டு, மய்யித்து விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி நின்றிருந்தது. லிண்டா தன் டெலஸ்கோப்பில் என்னைக் கண் வைக்கச் சொன்னார். அக்கரையில் இலையில்லாத மரம். அதில் ஒரு பழுப்பு மூட்டை. மூட்டைக்கு வெள்ளைத் தலை. அது பறக்கவில்லை, திரும்பவில்லை, என்னை மதிக்கவும் இல்லை.

"பியூட்டிஃபுல்," என்றேன், மூச்சுக்காற்றில். (மனசுக்குள்: இதுக்கா விடியுமுன்ன எழுப்பினாங்க?)

நேரம் போகப் போகக் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. பசி மட்டும் நன்றாகத் தெரிந்தது. எல்லோருக்கும் முதுகைக் காட்டி, ஓசையில்லாமல் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு மீனை எடுத்தேன். வாய்க்கு வருவதற்குள் துண்டைக் காணோம். ஒரு கடற்காகம் என் விரலை உரசிக்கொண்டு அதைக் கொத்திப் போய்விட்டது.

"யா அல்லாஹ்!"

அடுத்த ஊருக்கே கேட்டிருக்கும். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. டப்பா கைநழுவிப் பனியில் கவிழ்ந்தது. எங்கிருந்தோ இன்னும் பல கடற்காகங்கள் கத்திக்கொண்டு இறங்கின. அப்போதுதான் அக்கரை மூட்டை எழுந்தது.

அது மூட்டையே இல்லை. கதவைப் பெயர்த்து மாட்டியது போல இரண்டு இறக்கைகள். ஆற்றை ஒரே வீச்சில் தாண்டி, மீன் திருடிய கடற்காகத்தைத் துரத்திக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. பயந்துபோன கடற்காகம் மீனைப் போட்டது. மீன் லிண்டாவின் மார்பில் விழுந்தது. மஞ்சள் கால்களை நீட்டிக்கொண்டு கழுகு அதை நோக்கி இறங்க, லிண்டா மல்லாந்து பனியில் விழுந்தார். கடைசி நொடியில் கழுகு விலகியது. அந்தக் காற்றில் அவருடைய தொப்பி பறந்தது.

போச்சு, கிரீன் கார்டு போச்சு, நாளைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பறவைச் சரணாலயத்தின் காவலர் ஒருவர் ஓடி வந்தார். யார் இங்கே தீனி போட்டது என்று ஆங்கிலத்தில் அதட்டினார். மச்சான் வாயைத் திறப்பதற்குள் என் வியாதி முந்திக்கொண்டது.

"ஐ ஒன்லி, சார்! ஃபிஷ் மைன். மசாலா ஆல்ஸோ மைன். ஹஸ்பண்ட் நோ டச்சிங். எச்-ஃபோர் விசா, சார்! பாஸ்போர்ட் இன் பீரோ!"

"விசாவை இப்ப யாரு கேட்டா?" என்று மச்சான் முனகினார்.

காவலர் அபராதம் போடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் பொறுமையாக விளக்கினார். ஆள் இருக்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று பழகிவிட்டால் கழுகு ரோட்டோரம் வரும், வண்டியில் அடிபட்டுச் சாகும் என்றார். கேட்கக் கேட்க எனக்கு அழுகை முட்டியது. நானும் மச்சானும் மண்டியிட்டு, பனியில் கிடந்த கடைசிப் பருக்கை வரை பொறுக்கினோம்.

லிண்டா விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட்டில் மிளகாய்ச் சிவப்பு, கண்ணில் நீர். மன்னிப்புக் கேட்கப் போன என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

"அதன் கண்ணைப் பார்த்தேன்," என்றார் நடுங்கும் குரலில். "இவ்வளவு கிட்டத்தில்." பிறகு மேனேஜர் குரல் திரும்பி வந்தது. "அடுத்த தடவை சாப்பாடு காருக்குள் இருக்கட்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு."

சிபாரிசும் செய்தார். கிரீன் கார்டு வந்தது, பல வருஷம் கழித்துக் குடியுரிமையும் வந்தது. புதுப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் மச்சான் வெடித்துச் சிரித்தார். அட்டையில் பொன்னிறத்தில் அமெரிக்காவின் சின்னம்: அதே கழுகு, இறக்கையை விரித்துக்கொண்டு.

இன்றைக்கும் ஏர்போர்ட்டில் அதிகாரியிடம் பாஸ்போர்ட்டை நீட்டும் நேரம் பார்த்து என் காதோரம் குனிவார்.

"மீன் எங்கன்னு கேக்குது பாரு, நஸீமா."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இதுவரை ஒரு தடவைகூட முடிந்ததில்லை.