மாப்பிள்ளைக்கு வாங்கிய உறுமல் பெட்டி

தணிகைமலையான் கண் பார்க்க
திருத்தணி, தீபாவளி முடிந்த மறுநாள், 2003

மதிப்பிற்குரிய பாவா சிவப்பிரகாசம் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் தேசப்பன் பணிந்து எழுதுவது. இங்கு யாவரும் நலம். பெரம்பூரில் தாங்களும், அக்காவும், அக்காவின் முழங்காலும் நலமாக இருக்க மலைமேல் இருப்பவனை வேண்டுகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அக்கா காதுக்கு வந்துவிடும். தீபாவளி விடியலில், தலையில் வழிய வழிய நல்லெண்ணெயோடு, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு நான் தெருவுக்கு ஓடினேன். துண்டு வாசற்படியோடு நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. எதிர்வீட்டுக் கன்னியம்மாள் அப்போதுதான் மத்தாப்பு கொளுத்தி உயர்த்திப் பிடித்தாள். நல்ல வெளிச்சம். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போன் இருக்கிற கூடத்தில்தான் என் வீட்டுக்காரி ரத்தினம்மாளும் இருக்கிறாள்.

எல்லாம் நம் அபியைக் கட்டிய மாப்பிள்ளை ஷ்யாமுக்காகத்தான். அரக்கோணத்து ரயில்வே குடும்பம், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, பேசுகிற பழக்கமும் இல்லை. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து 'உம்', 'சரி', 'போதும்' தவிர நம்மிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, அதிலும் 'போதும்' இட்லிக்கு. நம்மைப் பிடிக்கவில்லையோ, அபி அங்கே சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறாளோ என்று ரத்தினம்மாள் உருகிப் போனாள். அப்படிப்பட்டவர் தலைதீபாவளிச் சீராக மோதிரம் வேண்டாம், பைக் வேண்டாம், கிடாரில் ஹெவி மெட்டல் வாசிக்க 'ஹை கெய்ன் டியூப் ஆம்ப்ளிஃபயர்' வேண்டும் என்று அபி மூலம் சொல்லியனுப்பினார். வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள். அதில் கோட்டை விட்டால் அந்த வாய் இனி எந்த ஜன்மத்தில் திறக்கும்?

தாங்கள் விசாரித்துச் சொன்ன, அமெரிக்காவிலிருந்து திரும்பிய அயனாவரத்துக்காரர் வீட்டுக்குத் துளசிங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆடிக்கிருத்திகைக்கு ஊர் முழுக்க மைக் செட் கட்டுகிறவர், அவரைவிட இதற்குத் தோதான ஆள் யார்? அங்கே இரண்டு பெட்டி இருந்தன. சின்னதில் வாசித்துக் காட்டினார்கள், கோயில் மணி மாதிரித் தெளிவு. பெரியதில் கண்ணாடி வால்வுகள் அடுப்புக் கங்கு போலச் சிவக்கும்வரை இரண்டாவது சுவிட்சைத் தொடக் கூடாது என்றார்கள். தொட்டதும், தகரக் கொட்டகைமேல் ஜல்லி லாரி கவிழ்ந்தது. துளசிங்கம் என் காதில், "ஸ்பீக்கரு கிழிஞ்சிகினு கீதுங்க. நம்ம தலைல கட்டப் பாக்கறாரு" என்றார். நானும் சங்கீதம் தெரிந்தவன் போல மூக்கைச் சுளித்து, சின்னதையே கட்டச் சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தாமல், பெருமையடிக்க எஸ்.டி.டி. பூத்திலிருந்து அபியைக் கூப்பிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நைனா, அந்தக் கிழியறதுதான் வேணும். கிழியக் கிழியத்தான் ஒஸ்தி."

திரும்பிப் போய் அந்தக் கிழிசலையே கேட்டபோது அயனாவரத்துக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். கூடவே ஒரு கனமான இரும்புப் பெட்டியையும் எடுத்துப் போகச் சொன்னார். ஸ்டெபிலைசர்தானே, நம் ஃப்ரிட்ஜுக்கே ஒன்று இருக்கிறது, அரக்கோணத்தில் ரயில் மாறும்போது இதை வேறு யார் தூக்குவது என்று விட்டுவிட்டு வந்தோம்.

தீபாவளியன்று சீரை மேசைமேல் வைத்து, பட்டுத் துணி போர்த்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. எண்ணெய் முழுக்கு முடிந்து புதுத்துணி உடுத்தாமல் துணியை விலக்கக் கூடாது என்று ரத்தினம்மாள் காவல். மாப்பிள்ளையோ கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, சன்னதித் திரை விலகக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். துளசிங்கத்துக்கு மனம் பொறுக்கவில்லை. "துணிய யாரும் தொட வேணாங்க, ஒயரு வெளியதான கீது. நீங்க சொருவுங்க மாப்ள, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று நீட்டினார். மீதி என்னவென்றால், மாப்பிள்ளை மரியாதைக்காக என்னிடம்கூடச் சொல்லாமல் மாடியிலும் தெருக்கம்பத்திலும் அவர் கட்டி வைத்திருந்த கூம்பு ஸ்பீக்கர்கள். மாப்பிள்ளை கிடார்க் கம்பியில் ஒரே ஒரு இழுப்புத்தான் பாவா. பாத்ரூமில் இருந்த நான் கேஸ் சிலிண்டர் போயிற்று, குடும்பம் போயிற்று என்று நினைத்துவிட்டேன். மற்றதை மேலே எழுதிவிட்டேன்.

கன்னியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வீசிய கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தால், மாப்பிள்ளை கண் கலங்கி நிற்கிறார். "மாமா, காலேஜ்லருந்து இந்த சவுண்டதான் தேடிக்கினு இருந்தேன். எத்தினியோ பெட்டில வாசிச்சிப் பாத்துட்டேன், வரல. நீங்க எப்படி மாமா புடிச்சீங்க?" நான் கோணியை இறுக்கிக்கொண்டு, எல்லாம் ஒரு கேள்வி ஞானம்தான் என்றேன். அந்த நேரம் பார்த்து டப்பென்று தெருவுக்கே கரண்ட் போய்விட்டது, அவர்கள் சாயங்காலம் கிளம்பும்வரை வரவில்லை. வராததும் நல்லதாயிற்று. மனுஷர் நாள் முழுக்கப் பேசினார் பாவா. பேண்டு கதை, ஆபீஸ் கதை, அபி வைத்த ரசத்தின் கதை. ரத்தினம்மாள் அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊமையா இருக்குமோன்னு பயந்துகினு இருந்தேன், நம்ம புள்ளதான்" என்றாள். பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போனார். இவ்வளவு நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் வீட்டில் என்றும் நல்ல சத்தமே கேட்கட்டும்.

அன்புள்ள மைத்துனன்,
தேசப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் துளசிங்கம் வந்து, சீர் வைத்த மேசைக்கு அடியில் கையை விட்டுத் தன் பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயரை இழுத்து எடுத்தார். புதுப் பெட்டியின் பிளக் அமெரிக்கத் தட்டை முள்ளாம், நாம் விட்டுவிட்டு வந்த அந்த இரும்புப் பெட்டி இல்லாமல் நம் சுவிட்ச் போர்டில் நுழையவே இல்லையாம், அதற்கு அன்று கரண்டே கொடுக்கவில்லையாம். மாப்பிள்ளை வாசித்தது முழுக்க இதில்தான். சத்தம் கிழிகிறது என்று கனகம்மாசத்திரத்துக் கல்யாணக்காரர்கள் திருப்பியனுப்பிய பெட்டி.