ஆக்டின் அண்ணன்

ஒரு புரதத்தை 'அவங்க' என்று மரியாதையாகச் சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு புதுக்கோட்டையில் ஒரே ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்த பாவி நான்.

ஆக்டின் என்பது தசை செல்களைத் தாங்கி நிற்கும் புரதம். சின்னக் குப்பியில், ஐஸுக்கு நடுவே பார்சலில் வரும். உப்புக் கரைசல் சேர்த்தால் நூல் நூலாகக் கோத்துக்கொள்ள வேண்டும். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவருக்குப் பட்டு நூலாக வரும். அதே குப்பி, அதே உப்பு, எனக்கு மட்டும் ரவா உப்புமா. "அவரைப் பாத்துக் கத்துக்கம்மா" என்பார் எங்கள் பேராசிரியர். எனக்கு வயிறு எரியும்.

ஃப்ரீஸர் பக்கம் நான் போனாலே அண்ணன் பதறுவார். "தும்மிராதம்மா, அவங்க மெரண்டுருவாங்க!"

ஒருமுறை திருச்சியில் பார்சலை வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். உட்கார இடமில்லை. அண்ணன் தெர்மாகோல் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, பெட்டில மீனா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, ஆக்டின். டிரைவரைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க. குலுங்குனா ஒடம்புக்கு ஆகாது."

யாருடைய உடம்புக்கு என்று கண்டக்டர் கேட்கவில்லை. யாரையோ எழுப்பி அண்ணனுக்கு சீட் கொடுத்தார். நான் புதுக்கோட்டை வரை நின்றேன்.

பிறகு என் கடைசிச் சோதனையைப் பார்க்கப் பேராசிரியர்கள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் காலையில் ஃப்ரீஸர் செத்துக் கிடந்தது. என் குப்பி வீண். அண்ணனோ, "சத்தமே சரியில்லையே" என்று தன்னுடையதை முன்பே கறம்பக்குடிக்கு, மாமாவின் ஐஸ்கிரீம் கடைக்குக் கொண்டுபோயிருந்தார். அழுகைக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது.

மத்தியானம் பெட்டியோடு வந்து நின்றார். "இந்தாம்மா. அவங்ககிட்ட சொல்லிட்டேன், ஒங்கூட ஒத்துழைப்பாங்க."

"ஒங்க கட்டுரைக்கு இந்த வாரம்தானேண்ணே கெடு?"

"அது கெடக்கு. அடுத்த பார்சல் வரட்டும்."

மறுநாள் எனக்கும் நூல் வந்தது. எல்லோரும் போனபின் அண்ணன் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"என்னைவிட ஒனக்குத்தாம்மா அழகா வந்திருக்கு."

அந்தக் குரலில் துளிக்கூடப் பொறாமை இல்லை. அதற்காகவும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இப்போது நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். என்றாவது நூல் நன்றாக வந்தால், முதல் படம் அண்ணனுக்குத்தான் அனுப்புவேன். அவர் பார்த்துவிட்டார் என்று செல்போன் காட்டும்வரை எனக்குக் கை ஓடாது.