அப்புக்காத்தரின் குதிரை

இன்றைக்கு அன்புராசா பாடத்தைப் பிழையாகச் சொல்லியே ஆகவேண்டும். சரியாகச் சொன்னால் மேல்வகுப்புக்கு ஏற்றிவிடுவார்கள். அது வேறு கட்டடம், வேறு நாள். வேரோனிக்காவோ கனடாவில், ஸ்காபரோவின் இந்த நிலவறை இங்கிலிஸ் வகுப்பில், அவனுக்குப் பக்கத்துக் கதிரையில்.

கோழித் தொழிற்சாலையில் நின்று நின்று மரத்த கால்கள், அவள் பக்கத்தில் இருந்தால்தான் அவனுடைய கால்களாகும். "இஞ்சை பாருங்கோ, இந்தச் சொல்லு என்ன?" என்பாள். நாற்பதுக்குப் பிறகு எழுத்துப் பழகியவன், விரல் வைத்து வாசித்துக் காட்டுவான். அதற்கு முதல் அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

பாடம், அமெரிக்காவின் பழைய நாட்டுப்புற அப்புக்காத்து ஒருவரின் சரித்திரம். மரக்குடிலில் பிறந்தார். தானே சட்டம் படித்தார். குதிரையில் ஊரூராய்ப் போய் வழக்குப் பேசினார். காசில்லாதவர்களிடம் கோழி வாங்கினார். கடைசியில் மாநிலச் சட்டசபைக்குப் போனார்.

"சொல்லுங்கள், அன்புராசா" என்றார் ரீச்சர் சீமோன்.

அவன் தனக்குத் தெரிந்த இங்கிலிசில் தொடங்கினான். "அப்புக்காத்தர் பஸ்ஸில போனார்."

வகுப்பு சிரித்தது.

"குதிரை எங்கே?"

"அதுக்குக் காய்ச்சல், மிஸ்."

ரீச்சரின் கண் விரிந்தது. "பிறகு?"

இது காணாது என்று நினைத்தான். இன்னும் பெரிதாகப் பிழைவிட்டான். "கோழியள் வழக்குப் போட்டுதுகள். அப்புக்காத்தர் தோத்துப்போனார்."

ரீச்சர் சிரிப்புத் தாங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். "சட்டசபைக்குப் போனாரா, இல்லையா?"

அன்புராசா வேரோனிக்காவை ஒருக்கால் பார்த்தான். சொல் தானாக வந்தது.

"போகேல்லை. சனம் வோட்டுப் போட்டுது, பெட்டியும் கட்டினார். ஆனா பக்கத்துப் பண்ணையில ஒரு பொம்பிளை இருந்தவ. விட்டிட்டுப் போக மனம் வரேல்லை. ஏறாமலே குதிரையை அனுப்பிவிட்டார்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. வேரோனிக்கா குனிந்துகொண்டாள்.

ரீச்சர் கைதட்டினார். "புத்தகத்தில் இல்லாத கதையை இங்கிலிசில் கட்டிச் சொல்கிறீர்கள்! அடுத்த கிழமையே மேல்வகுப்பு!"

"ஐயோ மிஸ், நான் சொன்னது எல்லாம் பிழை!"

"அதையும் இங்கிலிசில்தான் சொல்கிறீர்கள்."

வகுப்பு முடிந்து, பனிச் சப்பாத்தைப் போடக்கூட மனமில்லாமல் வாசலில் நின்றான். வேரோனிக்காவோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற கிளடிஸ், அவளைக் கூட்டிப்போக வந்தாள்.

"என்ன அண்ணை, செத்தவீட்டு முகம்?"

"என்னை மேல ஏத்திப்போட்டினம், பிள்ளை. இனி அவவுக்கு ஆர் சொல்லு சொல்லிக் குடுக்கிறது?"

கிளடிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவவுக்கோ? அண்ணை, அவ மன்னாரில இங்கிலிஸ் ரீச்சரா இருந்தவ! உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறதுக்காக மாசக்கணக்கா மினக்கெட்டுப் பிழை பிழையா எழுதுறா!"