மேடு ஏறாத கியர்பாக்ஸ்

இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கார் அந்த மேட்டில் ஏறாது என்று அவர் முடிவெடுத்துவிட்டார். காரைக் கேட்கவில்லை. மனைவியையும் கேட்கவில்லை.

மேட்டின் உச்சியில் மாமனார் வீடு. காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேருந்தை நிறுத்திவிட்டாரே தவிர, பேச்சை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் மருமகனை எதிரில் உட்கார வைத்து, எந்த வளைவில் எந்த கியர் போட்டார் என்று புறப்பட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருவார். நடுவில் இறங்க வழி கிடையாது.

மருமகனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்காமலிருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர். அலுவலகத்தில் அவர் பெயரே 'முடியாது சார்'. வீட்டிலும் அதே கொள்கைதான். "அம்மாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏறி இறங்க முடியல, கொஞ்ச நாள் இங்க வச்சுக்கலாமா" என்று மனைவி கேட்டபோது, "அதான் வாராவாரம் நாமளே போறோமே, அப்புறம் அவங்க எதுக்கு இங்க வரணும்" என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்தவர்.

மனைவி ஒரு நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்பவள். யார் என்ன கத்தினாலும் மறுத்துப் பேசக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். கத்தினவர் மனம் குளிர்ந்து போனை வைப்பார். கேட்டது மட்டும் கிடைத்திருக்காது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், அவள் எப்படிச் சம்பாதிக்கிறாள் என்று அவர் யோசித்ததே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"கியர்பாக்ஸ்ல ஒரு சத்தம் வருது."

"எப்போ?"

"மேடு ஏறும்போது. கர்ருனு."

அப்படி ஒரு சத்தம் கிடையாது. கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய மெக்கானிக், "புதுசு மாதிரி இருக்கு சார்" என்று சொல்லியிருந்தான். அந்தச் சேதியை அவர் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஆமாங்க. எனக்கும் கேட்டுச்சு," என்றாள் மனைவி.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத சத்தம் இவளுக்கு எப்படிக் கேட்டது? ஆனால் தன் பக்கம் சாட்சி சொல்ல வந்தவளைக் குறுக்குக் கேள்வி கேட்கும் அளவுக்கு அவர் முட்டாள் இல்லை.

"இங்க பாரு. கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டக் கூடாது. கியர் ராடு மேல சும்மா கைய வச்சிருக்கக் கூடாது. வண்டி முழுசா நிக்காம ரிவர்ஸ் போடக் கூடாது. இதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா அந்த மேடு இருக்கே."

"மேடுதான் காரணமா?"

"முதல் கியர்ல முக்கி முக்கி ஏறுது. உள்ள பல்லெல்லாம் தேஞ்சுடும். கியர்பாக்ஸ் போச்சுன்னா காரையே வித்துதான் ரிப்பேர் பண்ணணும்."

"பாவம்," என்றாள். காரையா, அவரையா என்று தெரியவில்லை. "வாடகை வண்டில போலாமா?"

"சொந்தக் காரை வாசல்ல நிறுத்திட்டு வாடகை வண்டியா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நடந்து ஏறலாம்."

"என் முழங்காலும் ஒரு கியர்பாக்ஸ்தான்."

"புரியுது. உங்க முழங்காலும் முக்கியம்." அவருடைய சட்டைக் கையை மெல்ல உள்ளே மடித்தாள். "அப்போ நாம இனிமே அங்க போகவே முடியாது."

"அப்படிச் சொல்வேனா? கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு வருஷம் மேட்டுப் பக்கம் போகலைன்னா தேறிடும்."

"ஒரு வருஷம்," என்று அவள் நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். "சரிங்க. அப்பாகிட்ட நானே சொல்லிடறேன். உங்களுக்கு எதுக்குச் சங்கடம்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான மறு வாரமே கியர்பாக்ஸைக் கெடுத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சோபாவில் மல்லாந்து கிடந்தார். எந்த வளைவும் இல்லை. எந்த கியரும் இல்லை. அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மாமனார், கைக்கொரு பெட்டியோடு. பின்னால் வாடகை வண்டியிலிருந்து மாமியார் தலையணையை அணைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். பெட்டியோடு வருபவர் விருந்தாளி. தலையணையோடு வருபவர் விருந்தாளி இல்லை.

"என்ன மாப்பிள்ளை, வண்டிக்கு உடம்பு சரியில்லையாமே?"

"வாங்க மாமா. வாங்க அத்தை," என்று முனகிவிட்டுச் சமையலறைக்குள் பாய்ந்தார்.

"எதுக்கு வந்திருக்காங்க?"

"நாம வாராவாரம் போறதாலதான் அவங்க வர வேண்டியதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மனைவி. "இப்ப நாம போகலியே."

இதிலிருந்து தப்பிக்க ஒரு காரணம் தேடினார். அலுவலகத்தில் வரிசை கட்டி வந்து நிற்கும் காரணங்களில் ஒன்றுகூட வீடு வரை வரவில்லை.

"எவ்வளவு நாளைக்கு?"

"உங்க கணக்குத்தாங்க. கியர்பாக்ஸ் தேறற வரைக்கும்."

வெளியே ஓடினார். "மாமா, வண்டிக்கு ஒண்ணுமில்ல. சத்தமெல்லாம் நின்னு போச்சு. இப்பவே உங்களை மேல கொண்டுபோய் விட்டுடறேன்."

"அவசரப்படாதீங்க. தெருவை ஒரு சுத்து சுத்திப் பாப்போம்."

எல்லோரும் ஏறினார்கள். கார் தண்ணீரில் படகு போவதுபோல ஓடியது. அவரும் உயிரைக் கொடுத்து ஓட்டினார். பக்கத்தில் மாமனார் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கேக்குது."

"என்ன மாமா கேக்குது? ஒண்ணுமே இல்லியே."

"ஓட்டறவனுக்குக் கேக்காது மாப்பிள்ளை. இந்த வியாதில அதான் மோசம். என் பொண்ணுக்குக் கேட்டிருக்கு பாருங்க."

"நேத்தைவிட இன்னிக்கு அதிகம்ப்பா," என்றாள் மனைவி பின்னாலிருந்து.

பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே இரண்டாம் தடவைதான் திரும்பும் மாமியார், "எனக்கே கேக்குதுன்னா பாத்துக்கோங்களேன்," என்றார்.

தப்பிக்க ஒரே வழி இருந்தது. சத்தம் வந்ததே இல்லை, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். கண்ணாடியில் மனைவியின் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன், சொல்லுங்கள் என்பது போன்ற பொறுமையான முகம். வாயை மூடிக்கொண்டார்.

"கவலையே வேண்டாம்," என்றார் மாமனார். "வண்டி தேறற வரைக்கும் நான் ஓட்டறேன். பழகின கை பட்டாத்தான் அதுக்கும் நல்லது."

திங்கட்கிழமை காலை அவர் பையோடு வாசலுக்கு வந்தபோது, மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தயாராக இருந்தார். முன்சீட்டில் மாமியார் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். டாக்டர், அலுவலகத்துக்குப் போகிற வழியில்தானாம். மனைவி பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேருந்து ஓட்டிப் பழகின முதல் நாள் எந்த வளைவுல திரும்பினேன் தெரியுமா மாப்பிள்ளை," என்று மாமனார் ஆரம்பித்தார்.

அவர் ஏறி உட்கார்ந்து, தன் கோபத்தையெல்லாம் சேர்த்துக் கதவை அடித்துச் சாத்தினார்.

"மெதுவா மாப்பிள்ளை," என்றார் மாமனார், திரும்பிப் பார்க்காமலே. "அப்புறம் கதவுலயும் எங்களுக்கு ஒரு சத்தம் கேக்க ஆரம்பிச்சுடும்."