தங்கள் ஆம்பிளிஃபயரின் உறுமல் தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் ஐவரும் நலம்; ஆம்பிளிஃபயரையும் சேர்த்தால் அறுவர். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் தாங்கள் பேத்தியைப் பார்க்க வந்தபோது, தங்கள் மகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த தங்கள் பழைய ஆம்பிளிஃபயர் வழக்கம்போல் பாட்டு ஏதுமின்றிக் கூடத்தில் உறுமிக்கொண்டிருந்ததையும், "இதப் பழைய இரும்புக்குப் போட்டா எடையாவது வரும்" என்று நான் சொன்னதையும், "சத்தம் இருந்துட்டுப் போகுது சம்பந்தி, உங்கள என்ன கடிக்கவா போகுது?" என்று தாங்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு தாங்கள் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வாசல் மணி அடித்தால் தங்கள் மகள்தான் முதல் ஆளாகப் போய்த் திறக்கிறாள். மன்னிப்புக் கேட்பதைவிடப் பழுதுபார்ப்பது எளிது என்று தீர்மானித்தேன்.

பெட்டியின் பின்புறம் ஒயர் செருகும் இரண்டு சாக்கெட்டுகளும் துருவேறி ஆடுகின்றன, உறுமலுக்குக் காரணம் அதுதான் என்று ரேடியோக் கடைக்காரர் சொன்னார், "கொண்டாங்க சார், நானே போட்டுத் தரேன்" என்றும் சொன்னார், ஆனால் முப்பத்திரண்டு வருடம் ஊரார் தராசுக்கெல்லாம் முத்திரை குத்தியவனுக்கு இரண்டு ஓட்டை போடத் தெரியாதா என்று புதுச் சாக்கெட்டை மட்டும் வாங்கி வந்தேன். பழைய ரிவெட்டைப் பிடுங்க ஒரு முழு நாள் ஆனது. புதுச் சாக்கெட்டோ ஓட்டையைவிட ஒன்றரை மில்லிமீட்டர் பெரிது. இரும்புத் தூள் உள்ளே விழாமலிருக்க ஈரத்துணியை அடைத்துவிட்டு வட்ட அரத்தால் ராவத் தொடங்கினேன், அந்தச் சத்தத்துக்கு மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து "பல்லு கூசுது சார்" என்று சொல்லிவிட்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தார், அவர் உட்கார்ந்தது என் மூக்குக்கண்ணாடியின் மேல். ஆகவே இரண்டாவது ஓட்டையைக் கண்ணாடி இல்லாமல் ராவினேன். அது முட்டை வடிவத்தில் அமைந்தது. குறுக்கே அளந்தேன், மிகச் சரியாக இருந்தது, நெடுக்கே அளக்கவில்லை. இந்த வேலை நடந்த மூன்று நாளும் பேத்தி சரியாகத் தூங்கவில்லை. பல் முளைக்கிறது என்றாள் என் மனைவி. அரச் சத்தம் என்றான் மகன்.

சாக்கெட்டை மாட்டிச் சுவிட்சைப் போட்டால், முன்பு பூனையாக உறுமியது இப்போது புலியாக உறுமியது. கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். "வாஷர் போட்டீங்களா சார்? சாக்கெட்டோட உடம்பு பெட்டித் தகட்டுல படவே கூடாது. பட்டா உறுமத்தான் செய்யும்" என்றார். சாக்கெட்டுக்கு இரண்டாக வந்திருந்த அந்த நான்கு பிளாஸ்டிக் வளையங்களை, சாமான் உரசாமலிருக்க வைத்தது என்று எண்ணி நான் அன்றே ஓரங்கட்டியிருந்தேன். மூன்று, பொத்தான் டப்பாவில் கிடைத்தன. நான்காவது என் மனைவியின் கைப்பை ஜிப்புக்குப் பிடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணு போட்டா ஓடாதா?"

"ஓடாது."

"உங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தாள்.

நேற்று நான்கையும் போட்டு முடுக்கினேன். முட்டை வாஷருக்குள் மறைந்துவிட்டது. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன், உறுமல் இல்லை. மேல்வீட்டுக்காரரும் வைத்துக் கேட்டார், இல்லை. எனவே பழைய இரும்பு என்ற சொல்லை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். வருகிற ஞாயிறு காலை தாங்கள் வந்து, துளி உறுமலும் இல்லாத தங்கள் பெட்டியைக் கேட்டு, மீதிக் காப்பியையும் குடித்துச் செல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். தாங்கள் இருவரும் படி ஏறினாலும் இறங்கினாலும் வலி தெரியாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. உறுமல் நின்றதிலிருந்து பேத்தி கண்ணையே மூடவில்லை. மடி, தோள், தூளி எதுவும் பலிக்கவில்லை. நானும் மனைவியும் மகனும் மாறி மாறி வாயால் உறுமிப் பார்த்தோம். மேல்வீட்டுக்காரருக்குத்தான் ஓரளவு வந்தது. கடைசியில் தங்கள் மகள் தன் அம்மாவிடம் ஃபோனில் பேசிவிட்டு வந்து சொன்னாள்: "மாமா, நானும் கைக்குழந்தையா இருந்தப்ப அந்தச் சத்தத்துலதான் தூங்குவேனாம். அதனாலதான் அப்பா அத ரிப்பேரே பண்ணலயாம்." சம்பந்தி, அன்றைக்கே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வெட்கமாக இருக்கிறது எனக்கு. நான்கு வாஷரையும் கழற்றிவிட்டேன். புலிதான் உறுமுகிறது. இரண்டாவது நிமிடம் குழந்தை தூங்கிவிட்டாள். தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த தங்கள் மகளும் அப்படியே பக்கத்தில் தூங்கிவிட்டாள். ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் ரத்தானதாகக் கொள்ளவும், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. மணி அடிக்க வேண்டாம். கதவைத் திறந்தே வைக்கிறேன்.